தாய்மாரைச் சந்திக்க வருகிறவர்கள் கவனத்துக்கு

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆலயத்துக்கு வர முடியாமல் வீட்டோடு இருக்கும் தாய்மாரைப் பார்க்கப் போகிறோம். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே பெயர் போடுங்கள். இனிப்பு வேண்டாம், பலருக்குச் சர்க்கரை இருக்கிறது.

மாற்கு 7:9-13 வாசித்துவிட்டு வாருங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டோம் என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். ஊழியம், கூட்டம் என்று ஓடுகிற நமக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அம்மாவுக்கு மருந்து வாங்காமல் போடும் காணிக்கையை அவர் எப்படி ஏற்பார்? சிலுவையில் தொங்கும்போதும் அவர் தம் தாயை மறக்கவில்லை. அன்பாயிருந்த சீஷனிடம் ஒப்படைத்தார். அந்நேரமுதல் அவன் மரியாளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் (யோவான் 19:26-27).

வெளியூரில் இருக்கிறவர்கள் பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல் தினமும் பேசுங்கள். அம்மாவுக்குக் காது மந்தமென்றால் வீடியோ காலில் பேசுங்கள், உதட்டசைவாவது தெரியும்.

அப்புறம், கவனிப்பாரில்லாத தாய் யாரையாவது தெரிந்தால் குழுவில் எழுத வேண்டாம், போதகர் ஐயாவிடம் தனியாகச் சொல்லுங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567.