நீ புளுகலன்னு இப்போ ஒத்துக்குறேன்

மச்சான்,

எப்படி இருக்க, முட்டிவலி தேவலையா? பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டானாமே, தங்கச்சி வீடியோ அனுப்பியிருந்துச்சு, நடையைப் பாத்தா அப்படியே நீ தண்ணி போட்டுட்டு வர்ற மாதிரியே இருக்கு, சொல்லிடு. எங்க வீட்ல எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்கு வேலை மாறிருச்சு, எனக்கு சுகர் கொஞ்சம் ஏறி இறங்கி டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடக்க யாருக்கு பொறுமை, அதான் மடிக்கிற சைக்கிள் ஒண்ணு வாங்கினேன், செகண்ட் ஹேண்ட். ஃபோன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல பூந்து பேசுவ, அதான் உக்காந்து எழுதுறேன்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம சிங்கப்பூர்ல ஓடின பழைய கேடிஎம் லைன்ல, அதான் மலேசியா ரயில்வே லைன்ல, உட்லண்ட்ஸ் பக்கத்துலேர்ந்து நீங்க குடியிருந்த ஸ்பூனர் ரோடு ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் சைக்கிள்ல வந்தேன்டா. ஆமா அதே லைன் தான், இப்போ ரயில் காரிடார்னு பேரு, மொத்தம் 24 கிலோமீட்டர். தண்டவாளத்தை எல்லாம் பேத்து எடுத்துட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டிருக்காங்க.

வெள்ளனே ஆறரைக்கெல்லாம் கிளம்பிட்டேன். எம்ஆர்டி ரயில்ல முழு சைக்கிள் ஏத்த முடியாது, மடிக்கிறது தான் ஏத்தலாம், அதுக்கும் அளவு இருக்கு, 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டர். ஈசூன்ல ஏறி கிராஞ்சில இறங்கினேன், ஆறே ஸ்டேஷன் தான், ஆனா அந்த ஆறு ஸ்டேஷனுக்கும் சைக்கிளைப் பிடிச்சிட்டு கதவோரமா நின்னதுல ஒரு சீன பாட்டிக்கு என் மேல பாவம் வந்து சீட்டைத் தட்டி உக்காருன்னுச்சு. எனக்கு சீட் குடுக்குற வயசு வந்துருச்சு பாத்தியா.

கிராஞ்சிலேர்ந்து மொத கொஞ்ச தூரம் பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு பக்கம் பேக்டரி, ஒரு பக்கம் மெயின் ரோட்டுச் சத்தம். புக்கிட் பாஞ்சாங் தாண்டினப்புறம் தான் மச்சான் இடமே மாறுது. ரெண்டு பக்கமும் காடு, குரங்குக் கூட்டம் பாதையில உக்காந்து பேன் பாத்துட்டு இருக்குதுங்க, பெல் அடிச்சா திரும்பிக்கூட பாக்கல. ரயில் போன பாதை பாரு, அதனால மேடு பள்ளமே தெரியல, எஞ்சின் இழுக்கணுமேன்னு வெள்ளைக்காரன் அப்பவே மேட்டை வெட்டி பள்ளத்தை ரொப்பி வச்சிருக்கான், அது இன்னிக்கு என் முட்டிக்கு உதவுது. ஆனா ஜல்லி பாதை, என் சைக்கிளுக்கு சின்ன சக்கரம், பின்னாடி எலும்பெல்லாம் ஆட்டம் கண்டு போச்சு. யாராச்சும் கேட்டா பெரிய சக்கரமா வாங்கச் சொல்லு.

ஹில்வியூ கிட்ட ஒரு இரும்புப் பாலம், மேல நின்னா கீழ கார் போறது தெரியும். அதுக்குப் பக்கத்துல தான் பழைய ஃபோர்டு பேக்டரி, 42ல வெள்ளைக்காரன் ஜப்பான்காரன் கிட்ட சரண்டர் ஆன இடம். உங்க பாட்டி சயாம் ரயில் கதை சொல்லும்போதெல்லாம் இந்தப் பேரு வரும், ஞாபகம் இருக்கா? பாலத்துல இறங்கி சைக்கிளைத் தள்ளிட்டு தான் போகணும், நானும் நல்ல பிள்ளையா தள்ளிட்டுப் போனேன், ஒரு சின்னப் பையன் விர்ர்னு ஓட்டிட்டே போறான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ரெண்டாவது இரும்புப் பாலம் தாண்டினவொடனே புக்கிட் தீமா ஸ்டேஷன். செங்கல் கட்டடம், சின்னது, 1932ல கட்டினது, அப்படியே வச்சிருக்காங்க, ரிப்பேர் பண்ணி 2022ல திறந்தாங்க. ஊழியர் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்துல இப்போ காப்பிக் கடை, ஒரு கோப்பிக்கு அவன் கேட்ட வெலைய கேட்டா உங்கப்பா எழுந்து வந்துடுவாரு. ஆனா அந்த ஸ்டேஷன்கிட்ட மட்டும் கொஞ்சம் தண்டவாளம் விட்டு வச்சிருக்காங்கடா. நான் சைக்கிளைச் சாத்திட்டு ஒரு தண்டவாளத்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல கால விரிச்சு நின்னு பாத்தேன், ஒரு மீட்டர் தான் அகலம், இவ்ளோ சின்னதுலயா அவ்ளோ பெரிய வண்டி போச்சுன்னு இருந்துச்சு.

அங்க ஒரு போர்டுல சாவி மாத்துறதைப் பத்தி போட்டிருக்கு. ஒத்த லைன் இல்லையா, எதிர்ல வர்றவன் மோதக் கூடாதுன்னா ஒவ்வொரு துண்டு லைனுக்கும் ஒரே ஒரு சாவி, அதான் டோக்கன், வெளிய இருக்கும், அது கையில இருக்குற டிரைவர் மட்டும் தான் உள்ள போகலாம். புக்கிட் தீமால தான் வண்டிங்க ஒதுங்கி வழி விடும், அங்க டிரைவர் பழைய டோக்கனைக் குடுத்துட்டு புதுசை வாங்கிக்கணும், வண்டி நிக்காமலே. வளையத்துல பை மாட்டி, அதுக்குள்ள டோக்கன், கீழ நிக்கிறவர் கையைத் தூக்கிப் பிடிச்சிருப்பாரு, டிரைவர் கையை உள்ள விட்டு வளையத்தை அள்ளிக்கிட்டு போவாரு.

நாலாம் வகுப்புல நீ இதை அப்படியே சொன்னியேடா. எங்கப்பா ஓடுற ரயில்ல வளையம் மாட்டுவாருன்னு. நான் வகுப்பு பூரா கேட்க புளுகுறான் புளுகுறான்னு சொன்னேன், நீ அழுதுட்டே வீட்டுக்குப் போன, மறுநாள் உங்கப்பா தோள்பட்டையில வளையம் பட்ட காயத்தை வந்து பாருன்னு என்னைக் கூப்பிட்ட, நான் வரல. ஏன் வரலன்னு இப்போ யோசிச்சுப் பாத்தேன், பாத்துட்டா தோத்துருவேன்னு தெரியும், அவ்ளோ தான். அந்த போர்டு முன்னாடி நின்னு சிரிப்பும் வருது ஒரு மாதிரியாவும் இருக்கு. நாப்பத்தஞ்சு வருஷம் லேட்டு, பரவாயில்ல, நீ புளுகல. எழுதிக் குடுத்துட்டேன், வச்சுக்க.

அதுக்கப்புறம் ஹாலண்ட் ரோடு, புவோனா விஸ்தா, டாங்லின் ஹால்ட். ஹால்ட்னு பேரு வந்ததே ரயில் நின்ன எடங்குறதால தான். அங்க சைக்கிள் செயின் கழண்டு போச்சு, மாட்டுறதுக்குள்ள ரெண்டு கையும் கிரீஸ். சரி பக்கத்துல காமன்வெல்த் டிரைவ்ல முனீஸ்வரன் கோயிலுக்குப் போயிட்டு வருவோம்னு போனேன். உனக்குத் தெரியுமே, குவீன்ஸ்வேல தண்டவாளத்துக்குப் பக்கத்துல ரயில்வே ஆளுங்க 32ல குடிசையா ஆரம்பிச்ச கோயில், தண்டவாளம் முனீஸ்வரன்னு சொல்லுவாங்களே, 98ல தான் இப்ப இருக்குற எடத்துக்கு வந்துச்சு. கைய எவ்வளவு கழுவியும் போகல, ஐயர் திருநீறு குடுக்க கைய நீட்டுனா கறுப்பா இருக்கு, அவரு பாத்தாரு, நான் சைக்கிள் செயின்னு சொன்னேன், ரயில்வே சாமி தானே, கிரீஸ் புதுசு இல்லன்னு சொல்லிட்டுக் குடுத்தாரு.

ஸ்பூனர் ரோட்டுல உங்க ரெண்டு புளோக்கும் அப்படியே நிக்குது, பெயிண்ட் மட்டும் வேற. மூணாவது மாடி கம்பியில யாரோ கைலி காயப் போட்டிருந்தாங்க. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் உள்ள போக முடியல, வெளியில நின்னு முகப்புல இருக்குற நாலு சிலையைப் பாத்துட்டு வந்தேன். கீழ எம்ஆர்டிக்காக தோண்டிட்டாங்க. அந்த ஸ்டேஷன்ல நீ குளுவாங் போக ஏறினப்ப மலேசியா இமிகிரேஷன் அங்கயே முடிஞ்சு, நீ மலேசியாவுக்குள்ள போயிட்டதா கணக்கு, ஆனா சிங்கப்பூர் செக்கிங் உட்லண்ட்ஸ்ல தான், நடுவுல அரை மணி நேரம் நீ எந்த நாட்டுலடா இருக்கேன்னு நான் கேட்டேன், நீ கேண்டீன்ல வாங்கின புரோட்டாவைக் காமிச்சு இதுல இருக்கேன்ன.

2011 ஜூன் 30 ராத்திரி ஜொகூர் சுல்தானே கடைசி வண்டிய ஓட்டிட்டுப் போனாரே, நீ வரச் சொல்லிக் கூப்பிட்ட, நான் ஓவர்டைம் இருக்குன்னு சொன்னேன். ஓவர்டைம் எல்லாம் இல்ல மச்சான், கூட்டத்துக்குச் சோம்பல்.

அவுட்ராம் பார்க்ல எம்ஆர்டி ஏறி தூங்கிட்டே வந்தேன். ரெண்டு நாள் உக்கார முடியல.

டிசம்பர்ல வர்றேன்னியே, என் மருமகனோட மடிக்கிற சைக்கிள் சும்மா தான் கெடக்கு. அதுக்குள்ள ஒண்ணு சொல்லு, உங்கப்பா வளையத்தோட நின்னது பிளாட்ஃபார்ம்ல எந்த முனை, இரும்புப் பாலத்துப் பக்கமா, ஹாலண்ட் ரோட்டுப் பக்கமா? ஸ்டேஷன் ஃபோட்டோ இதோட அனுப்புறேன், வட்டம் போட்டு திருப்பி அனுப்பு.

உன் கூட்டாளி