ரியூப் அடைப்பும் உன் புதிய வேலையும்

உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள மச்சான் மாதவா,

உன் கடிதம் கிடைத்தது. கதீட்டர் பூச்சுகளைச் சோதிக்கிற ஆய்வுகூடத்தில் சேர்ந்திருக்கிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன். புரொஸ்டேட் வீக்கத்தால் அவருக்குச் சிறுநீர் போக ரியூப், அதுதான் கதீட்டர், போட்டு மாதக்கணக்காகிறது. "அடைக்காத ஒன்றாகப் பார்த்து அனுப்பச் சொல்லு" என்றார்.

அந்த அடைப்புத்தான் பெரிய கரைச்சல். போன முறை கழற்றியதை நேர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நுனித் துவாரத்தைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. கையுறையோடு நசித்தால் மணலாக நறநறத்தது. புரோட்டியஸ் என்ற கிருமி செய்கிற வேலை. ரியூப்பில் ஒட்டி வளர்கிற கிருமிப் படலத்துக்குள் இருந்துகொண்டு யூரியேஸ் நொதியத்தால் யூரியாவை உடைக்கும், அமோனியா வந்து சிறுநீர் காரமாகும், மக்னீசியமும் கல்சியமும் பொஸ்பேற்றுப் பளிங்குகளாகப் படியும்.

சரி, நீங்கள் எதில் வைத்துச் சோதிக்கிறீர்கள்? கிருமி வளர்க்கிற வளர்ப்பூடகத்தில் ஒரு நாள் ஊறவைத்து, படலத்தை அளக்கப் பளிங்கு ஊதாச் (crystal violet) சாயம் ஏற்றி, படலம் குறைந்துவிட்டது என்று எழுதுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. செயற்கைச் சிறுநீரை 37 பாகையில் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டு, ரியூப் அடைபட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே வள்ளங்களின் அடியைப் பார்த்திருப்பாய்தானே, முதலில் வழுவழுப்பு, பிறகு பாசி, பிறகு சிப்பி. கதீட்டரிலும் சிறுநீரின் புரதங்கள் முதலில் ஒரு படை போட்டுவிடும். அப்புறம் அதற்கு அடியில் பூச்சில் இருக்கிற மருந்து கிருமியை எப்படித் தொடும்?

வெள்ளிப் பூச்சைப் பற்றி நிறைய எழுதியிருந்தாய். பிரித்தானியாவில் 24 மருத்துவமனைகளில் 7,000க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்களே, அதில் வெள்ளி சாதாரண ரியூப்பை விடத் தொற்றைக் குறைக்கவில்லை. நைட்ரோபியூரல் என்ற கிருமிக்கொல்லி ஏற்றிய ரியூப் கொஞ்சம் குறைத்தது, ஆனால் அசௌகரியம் கூட. அதுவும் சில நாட்களுக்கு மட்டும் ரியூப் போட்டவர்களிடம் செய்த சோதனை. அப்பா மாதிரி ஆட்களை யாராவது கணக்கில் எடுக்க வேண்டும், நீயாவது உன் பெரியவர்களிடம் கேட்டுப் பார்.

இப்போதைக்கு அடுத்த கிளினிக்கில் முழுச் சிலிக்கோன் ரியூப் கேட்கப் போகிறேன். பூச்சு இல்லாவிட்டாலும் லேட்டக்ஸை விட உள்விட்டம் கூட. அப்பாவின் ஒப்பரேசன் திகதி கிடைத்ததும் அறிவிக்கிறேன்.

அன்புடன்,
குகன்