மேன்சன் நண்பர்களுக்கும் மெஸ் அக்காவுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

கடைசி மாத்திரையைப் போட்டு ஒரு வாரம் ஆகிறது. மொத்தம் 168 நாள், 168 காலை. எனக்கு வந்தது காசநோய். "நெஞ்சுச் சளி", "நிமோனியா மாதிரி ஒண்ணு" என்று ஊரில் ஆளுக்கொன்றாகச் சொல்லி வைத்திருந்தேன். இனி அந்தப் பேரைச் சொல்லியே பேசுவதாக இருக்கிறேன். உங்கள் பேர்களைத்தான் இதில் போடவில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள், மீதிப் பேரிடம் நான் கேட்கவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

2024 செப்டம்பரில் ஆரம்பித்த இருமல் அது. ஒரு கிளினிக்கில் ஐந்து வாரம் சிரப்பும் ஆன்டிபயாட்டிக்கும் மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். சளியை டெஸ்ட் பண்ணச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், "இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?" என்று தொடங்கும் நோட்டீஸ் ஒன்றுக்கு எங்கள் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டைப் செய்து பக்கம் கட்டியதே (டிடிபி) நான்தான். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தேனே ஒழிய, விஷயத்தைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் பைண்டிங் அண்ணன். "சாயங்காலமானா உனக்குக் கண்ணு செவந்துபோவுது. ராத்திரி பனியன் நனையுதா?" என்று கேட்டார். நனைகிறது என்றேன். மறுநாள் காலை தன் டிவிஎஸ் எக்செல்லில் உட்காரவைத்து மாநகராட்சி சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். அரைநாள் சம்பளம் போயிற்று அவருக்கு. அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றி அண்ணே.

அங்கே காசநோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் ஹெல்த் விசிட்டர் சாருக்கு அடுத்த நன்றி. சளி ரிசல்ட் வந்ததும் அவர் செய்த முதல் காரியம் எடை பார்த்தது. 46 கிலோ. பிறகு கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார், மூச்சை எண்ணினார். "கையை ஊனாம எந்திரிச்சு நில்லுங்க தம்பி" என்றார். நின்றேன். அவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. நிலைமை மோசமாக இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்காக, தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இப்படிப் பார்க்கிறார்கள் என்று பின்னால் சொன்னார். காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று பேராம். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. ரிசல்ட்டைக் கேட்ட பிறகு ஒரு மனுஷன் என் காலைத் தொட்டுப் பார்க்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"எந்த ஆஸ்பத்திரியில சார் சேரணும்? தாம்பரம் சானடோரியமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தங்கியிருக்க இடத்துலயே இருந்து மாத்திரை போட்டா போதும். உலகத்துக்கே அதை நிரூபிச்சுக் காட்டுனது நம்ம சேத்துப்பட்டு" என்றார். பிறகு நானே தேடிப் படித்தேன். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு அது. மெட்ராஸின் நெரிசலான, ஏழை வீடுகளில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை, இன்னொரு பகுதியினருக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களால் வீட்டிலிருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. அதற்குப் பிறகுதான் பல நாடுகளில் சானடோரியங்களுக்கு வேலையில்லாமல் போனது.

அந்த ஆய்வு நடந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, திருவல்லிக்கேணியில் நான் தங்கியிருந்த மேன்சனில் அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க" என்றார்கள்.

ரூமில் நாங்கள் மூன்று பேர். நான் பெட்டியைக் கட்டும்போது ஒருத்தன் எதுவும் பேசாமல் தன் பாயையும் சேர்த்துச் சுருட்டினான். "நீ எங்கடா?" "நீ எங்கயோ அங்க." அவ்வளவுதான் பேச்சு. மீர்சாகிப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி ரூம் கிடைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயிலுக்குக் கொதிக்கும், மழைக்குத் தடதடக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஜன்னல். காற்றோட்டம் வேண்டும் என்று சார் சொல்லியிருந்தாரே, அது போதும் என்று எடுத்தோம். மாப்ளே, நீயும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு வாரம் வாரத்துக்கு ஒருநாள் தடுப்பு மாத்திரையை விழுங்கினாய். ஒருநாள்கூட அதை வைத்து என்னைக் குத்திக்காட்டியதில்லை. முதல் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் ஆரஞ்சாகப் போனதைப் பார்த்து, ரத்தம் என்று அலறி உன்னை எழுப்பினேன். "மாத்திரைக் கலருடா, சார் சொன்னப்ப எங்க இருந்த? படு" என்று திரும்பிப் படுத்தாய். அந்த அலட்சியத்தில் எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமில்லை.

மூன்றாவது ஆள் எங்களுடன் வரவில்லை. அவனுக்குப் பயம். அவன் வீட்டில் கைக்குழந்தை, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவன். அதை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் நின்றுகொண்டான். ஆனால் ஆறு மாதமும் ஒண்ணாம் தேதி ஜிபேயில் புது ரூம் வாடகையில் மூன்றில் ஒரு பங்கு வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன், இரண்டு தடவையும் மறுபடி அனுப்பினான். உனக்கும் நன்றிடா. நீ வராததில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆனது.

மெஸ் அக்காவுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்ததும், நானே ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கையில் கொண்டுபோக ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் அக்கா பார்த்துவிட்டார். டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, மற்ற டம்ளர்கள் ஊறிக்கொண்டிருந்த அன்னக்கூடையில் போட்டார். "எச்சில்ல வர்ற நோவு இல்ல இது. எங்க அண்ணனுக்கு வந்து போனதுதான். உக்காரு." அந்த டம்ளர் அதோடு மெஸ் டம்ளர்களில் ஒன்றாகக் கலந்துவிட்டது. இப்போது எது என்னுடையது என்று எனக்கே தெரியாது.

அரசாங்கத்திலிருந்து சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் கணக்கில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். 500-ஆக இருந்ததை நவம்பரில்தான் கூட்டியிருந்தார்கள். வங்கிக் கணக்கில் பேர் ஒத்துப்போகாமல் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை தினம் இரண்டு முட்டை இலையில் விழுந்தது. கணக்கு நோட்டில் விழவில்லை. கேட்டால், "எழுதியிருக்கேன், உனக்குத்தான் கண்ணு தெரியல" என்பார்.

இரண்டு மாதம் முடிந்தபோது 52 கிலோ. எடைக்கு ஏற்றபடிதான் மாத்திரை என்பதால் மூன்று நான்கானது. மாத்திரை கூடியதற்கு ஊருக்குப் போன் போட்டுச் சந்தோஷமாகச் சொன்ன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. இருமல் நின்றுவிட்டது, காய்ச்சல் இல்லை, பிரஸ்ஸில் காலண்டர் சீசன். வெறும் வயிற்றில் நாலு மாத்திரை போட்டால் பத்து மணி வரை குமட்டல். இரண்டு நாள் போடவில்லை. மூன்றாம் நாள் சார் மாடியேறி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மூச்சு வாங்க உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பாதியில் விட்டு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோடு திரும்பி வந்த ஒருவரைப் பற்றி, பேர் ஊர் இல்லாமல் சொன்னார். பிறகு மாத்திரை அட்டையைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், நான் விழுங்கும் வரை.

இன்னும் ஒருவர் பாக்கி. இந்த மடல் அவரிடம் போய்ச் சேருமா என்று தெரியவில்லை.

அண்ணாச்சி, மேன்சனில் எங்களுக்கு அடுத்த ரூமில் இருந்தீர்கள். பத்திரிகைகளுக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சென்னைக்கு வந்த முதல் விடியற்காலை, அஞ்சு மணித் தண்ணீருக்கு வாளி இல்லாமல் நின்றபோது, உங்கள் நீல வாளியைக் கொடுத்து, "பிடிச்சுக்கடே, எனக்கு அவசரமில்லை" என்றீர்கள். ஒரு வருஷம் கழித்து ராத்திரியெல்லாம் இருமினீர்கள். உங்களைக் காலி பண்ணச் சொல்லி மேனேஜருக்கு ஒரு கடிதம் தயாரானது. அதை டைப் செய்தது நான் இல்லை என்று பல நாள் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதில் நாலாவது கையெழுத்து என்னுடையது. உங்களுக்கு என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சூட்கேஸோடு இறங்கிப் போனீர்கள். வராந்தாவில் வாளியை விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள்.

என்னைக் காலி பண்ணச் சொன்ன அன்று மேனேஜர் மேல் வந்த கோபம் படியிறங்கும்வரைகூட நிற்கவில்லை. அதே படிதான்.

எங்கே இருக்கிறீர்கள் என்று நீங்கள் வேலை பார்த்த இரண்டு இடங்களில் விசாரித்தேன். தெரியவில்லை என்றார்கள். இன்னும் விசாரிக்கிறேன். வாளி மொட்டைமாடி ரூமில்தான் இருக்கிறது. கைப்பிடி மட்டும் போன மாதம் உடைந்து, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன்.