மக்ரூன் பேரனுக்கு மட்டும்

தூத்துக்குடி

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேரன் சேட்டை இரண்டு பக்கம். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: “டாக்டர் ஃபினெரினோன் என்று புதுசாக ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், சுகர்க்காரன் கிட்னிக்கு நல்லதாம், என்ன மருந்தோ?” அந்த வரியைத்தான் நான் மூன்று தடவை படித்தேன். உன் மாத்திரையும் நான் பட்ட பாடும் ஒரே ஆசாமியைச் சுற்றித்தான். ஆல்டோஸ்டிரோன் என்று பெயர். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிற ஹார்மோன்.

எனக்குப் பன்னிரண்டு வருடமாகப் பிரஷர் என்பது உனக்குத் தெரியும். மூன்று மாத்திரை போட்டும் 160-க்குக் கீழே இறங்க மறுத்தது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்குக் குறையக் கூடாது, எனக்கு 2.9, 3.0 என்றே வரும். மூன்றில் ஒன்று நீர் பிரிகிற மாத்திரை, அதனால்தான் பொட்டாசியம் போகிறது என்று எல்லாரும் அதன் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். வாழைப்பழம் சாப்பிடுங்கள், இளநீர் குடியுங்கள் என்றார்கள். பொட்டாசியம் சிரப்பும் கொடுத்தார்கள். முப்பது வருடம் பொட்டாசியம் குளோரைடு பற்றிப் பாடம் நடத்தியவன் நான், அதை விழுங்கிப் பார்த்தபோதுதான் அந்தக் கண்றாவி ருசி தெரிந்தது. ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பேன், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் புதிதாக வந்த ஒரு சின்னப் பெண் டாக்டர், பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, “ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் யாராவது பார்த்தார்களா சார்?” என்று கேட்டார். ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்தால், ஆல்டோஸ்டிரோன் எக்கச்சக்கம், ரெனின் இல்லை என்றே சொல்லலாம்.

ரெனின்தான் உத்தரவு. உடம்பில் உப்பும் ரத்த ஓட்டமும் குறைந்தால் கிட்னி ரெனினை அனுப்பும். அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் உண்டாகி, அது அட்ரீனலைத் தட்டி எழுப்பும். அப்புறம் ஆல்டோஸ்டிரோன் கிட்னிக் குழாய்களிடம் போய், சோடியத்தை வெளியே விடாதே என்று பிடித்துவைக்கும், பதிலுக்குப் பொட்டாசியத்தைத் தள்ளிவிடும். எனக்கோ மேலிடத்து உத்தரவே இல்லாமல் குமாஸ்தா தானாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

இந்த நோயை உலகுக்குக் காட்டியவர் ஜெரோம் கான் என்ற அமெரிக்க டாக்டர், மிச்சிகன் பல்கலைக்கழகம். 1953-இல்தான் லண்டனில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விஞ்ஞானிகளோடு சேர்ந்து இந்த ஹார்மோனையே பிரித்தெடுத்திருந்தார்கள். அடுத்த வருடமே கானிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். பிரஷர், தசைப்பிடிப்பு, அவ்வப்போது கை கால் செயலிழப்பு, அடிமட்டத்தில் பொட்டாசியம். மாதக்கணக்கில் அவரை வைத்து அளந்து பார்த்துவிட்டு, அட்ரீனல்தான் காரணம் என்று முடிவுகட்டினார். இரண்டு சுரப்பிகளையும் எடுத்துவிடுவது என்ற தீர்மானத்தோடு வயிற்றைத் திறந்தால், ஒரு பக்கத்தில் 4 செ.மீ. கட்டி! அதை எடுத்ததும் அந்தப் பெண் தேறிவிட்டார். பிரஷர்காரர்களில் நிறையப் பேருக்கு இது இருக்கும் என்று கான் பின்னால் சொன்னபோது மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. இப்போது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர் என்கிறார்கள், என்னைப் போல மாத்திரைக்கு மசியாதவர்களில் ஐந்தில் ஒருவர். பொட்டாசியம் சரியாக இருந்தும் இந்த நோய் உள்ளவர்களே அதிகமாம். அப்படிப் பார்த்தால் என் ரத்தம் பன்னிரண்டு வருடம் துப்புக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது, போகட்டும்.

எனக்கு ஆபரேஷன் யோகம் இல்லை. இரண்டு பக்க அட்ரீனல் ரத்த நாளங்களிலும் குழாய் விட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இரண்டுமே அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. ஆகவே மாத்திரை. முதலில் ஸ்பைரோனோலாக்டோன், ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கிற மருந்து, 1960 வாக்கிலிருந்து இருக்கிற பழசு. பிரஷர் 130-க்கு வந்தது, கூடவே மார்பும் வீங்கியது! வீட்டில் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. பிறகு அதே வேலை செய்கிற எப்ளெரினோனுக்கு மாற்றினார்கள்.

நடுவில் ஒரு பயம். பிரஷர் இறங்கிய பிறகு கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறியது. மருந்து கிட்னியைக் கெடுக்கிறது என்று நானே முடிவுகட்டி நிறுத்தப் பார்த்தேன். டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். அத்தனை வருடமும் கிட்னி வடிகட்டிகள் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் ஓடியதால் ரிப்போர்ட் பார்க்க நன்றாக இருந்ததாம். அழுத்தம் குறைந்ததும்தான் உள்ளே ஏற்கெனவே இருந்த சேதம் வெளியே தெரிகிறதாம். உப்போடு சேர்ந்தால் இந்த ஹார்மோன் கிட்னியிலும் இதயத்திலும் அழற்சி உண்டாக்கித் தழும்பு விழ வைக்கும்.

உன் விஷயம் அங்கேதான் வருகிறது. உனக்குச் சுரப்பியில் கோளாறு என்று அர்த்தமில்லை. ஆல்டோஸ்டிரோன் போய் உட்காருகிற இடத்தை ஃபினெரினோன் முதலில் பிடித்துக்கொண்டு, அந்தத் தழும்பு வேலையைத் தடுக்கிறது. சுகரும் கிட்னிக் கோளாறும் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள், கிட்னி மோசமாவது 18 சதவீதம் குறைந்தது. அற்புதம் ஒன்றும் இல்லை, ஆனால் டயாலிசிஸைத் தள்ளிப்போட அதுவும் வேண்டியதுதானே. மார்பு வீக்கம் பற்றியும் நீ கவலைப்பட வேண்டாம்.

பொட்டாசியம்தான் இனி எதிர்த்திசையில் போகும், ஏறும். சொன்ன தேதியில் ரத்தம் கொடு. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறானே, அதில் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு, கேட்காமல் வாங்காதே. இளநீரும் டாக்டரைக் கேட்டுத்தான். பன்னிரண்டு வருடம் குடி குடி என்றார்கள், இப்போது எனக்குத் தொடக் கூடாது! இன்னொன்று, தொண்டைக்கு என்று நீ எப்போதும் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வாயே, அதை விடு. கார்ட்டிசால் என்ற இன்னொரு அட்ரீனல் ஹார்மோன் போய் ஆல்டோஸ்டிரோனின் நாற்காலியில் உட்காராமல் தடுக்கிற ஒரு நொதி கிட்னியில் இருக்கிறது, அதிமதுரம் அதை முடக்கிவிடும். தினமும் சாப்பிட்டால் பிரஷர் ஏறும்.

வியாழக்கிழமை எனக்கு அடுத்த டெஸ்ட். உன் பொட்டாசியம் எவ்வளவு என்றும் எழுது. பேரனுக்கு மக்ரூன் அனுப்புகிறேன். டப்பாவை மருமகளிடம் நேரே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்