இனிக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் அமரோனே என்ற சிவப்பு ஒயினை வாங்கியவர்களில் சிலர் ஒரே கேள்வியோடு திரும்பி வந்தார்கள்: "உலர்ந்த திராட்சையில் செய்தது என்றீர்கள், துளியும் இனிக்கவில்லையே?" புட்டியில் குறையில்லை. அவசரத்தில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கியது நாங்கள்தான். அந்த மீதி இதோ.

இத்தாலியில் வெரோனாவுக்கு வடக்கே உள்ள வால்போலிச்செல்லாவில், இந்த ஒயினுக்கான பழத்தைப் பறித்ததும் பிழிவதில்லை. கொர்வினா, கொர்வினோனே, ரொந்தினெல்லா என்ற திராட்சை வகைகளின் கொத்துகளை ஒன்றையொன்று நசுக்காதபடி தட்டுகளில் பரப்பி, காற்றோட்டமான கூடங்களில் மூன்று, நான்கு மாதம் வாட விடுவார்கள். வெயில் காட்டுவதில்லை. பாக்கெட்டில் வரும் உலர் திராட்சை அளவுக்கு அது வறண்டுபோவதும் இல்லை. ஜனவரியில் ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தால், நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி போலத் தோல் சுருங்கியிருக்கும். அழுத்தினால் ஜாம் பதத்தில் பிதுங்கும். எடையில் மூன்றில் ஒரு பங்கு நீராகவே போயிருக்கும். 100 கிலோ பழம் பறித்தால் 40 லிட்டருக்கு மேல் ஒயின் தேறாது. பயமெல்லாம் ஈரக்காற்றுதான். ஒரு பழத்தில் பூஞ்சை பிடித்தால் கொத்து முழுவதும் போய்விடும் என்பதால், தட்டுகளை ஓயாமல் பார்த்துக் கெட்டதைக் கிள்ளி எறிந்துகொண்டே இருக்க வேண்டும்.

இனி இனிப்புக்கு வருவோம். சர்க்கரை அடர்ந்த சாற்றில் ஈஸ்டுக்கு மூச்சு முட்டும். போதாததற்குக் குளிர்காலம். நொதித்தல் வாரக்கணக்கில் ஊர்ந்துதான் போகும். சர்க்கரை மிஞ்சியிருக்கும்போதே அது நின்றால் ரெச்சோத்தோ. அதுதான் நீங்கள் எதிர்பார்த்த இனிப்பு ஒயின். ஈஸ்ட் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்க்கும்வரை விட்டால் அமரோனே. 'அமாரோ' என்றால் இத்தாலிய மொழியில் கசப்பு. மறந்துபோன ஒரு ரெச்சோத்தோ பீப்பாயிலிருந்து இது பிறந்ததாக அங்கே ஒரு கதை உண்டு. நாங்கள் அதை முழுவதும் நம்புவதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தின்ற சர்க்கரை ஆல்கஹாலாகிறது. விதிப்படி குறைந்தது 14 சதவீதம், பெரும்பாலும் 15, 16. மூக்கருகே கொண்டுபோகும்போது வார்னிஷ் வாடை லேசாக எட்டிப்பார்த்தால், திணறிய ஈஸ்டின் வேலை அது. லேசாக இருக்கும்வரை அழகு.

முதிர வைப்பது அடுத்தது. அமரோனே குறைந்தது 2 ஆண்டும், ரிசெர்வா என்று பெயரிட்டு விற்கும் அமரோனே 4 ஆண்டும் காத்திருந்த பிறகே விற்பனைக்கு வரலாம். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் செய்யும் வின் சாந்தோ என்ற ஒயின் இன்னும் பிடிவாதமானது. உலர்ந்த வெள்ளைத் திராட்சையின் சாற்றைச் சின்னப் பீப்பாய்களில் முழுக்க நிரப்பாமல் ஊற்றி, இறுக அடைத்து, வீட்டுப் பரணில் சில ஆண்டுகள் விட்டுவிடுவார்கள். குளிரில் உறங்கும் நொதித்தல் கோடையில் மறுபடி எழும். முந்தைய ஒயினின் அடிவண்டலைப் புதுச் சாற்றோடு சேர்ப்பதும் உண்டு, தயிருக்கு உறை விடுவது போல. அதன் பெயர் 'மாத்ரே', அதாவது தாய். ஒரே பரணில் ஒரு பீப்பாய் இனிக்கும், பக்கத்துப் பீப்பாய் இனிக்காது.

அமரோனேயைக் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்துவையுங்கள். பழைய புட்டியானால் அடியில் வண்டல் இருக்கும், குலுக்காமல் சாய்த்து ஊற்றுங்கள். இனிப்புத்தான் வேண்டும் என்பவர்கள், திறக்காத அமரோனேயைக் கொடுத்து ரெச்சோத்தோவாக மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடையினர்