சைகோனுக்கு முன்தேதியிட்டுப் பெயர் மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியட்நாம் போர் பற்றிய உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், 1968 ஜனவரி இறுதியில் 'ஹோ சி மின் நகரில்' அமெரிக்கத் தூதரகம் தாக்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குச் சைகோன் என்றிருந்த அந்த ஊரை ஆண்டவர்கள், வட வியட்நாமின் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின்னின் எதிரிகள் ஆயிற்றே! தாக்க வந்தவர்கள்தான் அவர் பக்கத்து ஆட்கள். தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்தது 1975 ஏப்ரல் 30 அன்று. நாடு ஒன்றான பிறகு, 1976 ஜூலை 2 அன்றுதான் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவரோ 1969-லேயே காலமாகிவிட்டார். பெயரை முன்தேதியிட்டு வழங்கினால், யார் யாரோடு சண்டையிட்டார்கள் என்பதே வாசகருக்குக் குழம்பிவிடும்.

1976-க்குப் பின் 'சைகோன்' வழக்கொழிந்தது என்ற வரியும் சரியல்ல. ஆறு இன்றும் சைகோன் ஆறுதான். ரயில் நிலையம் சைகோன் நிலையம். விமான நிலையத்தின் குறியீடு சைகோனைக் குறிக்கும் எஸ்ஜிஎன் (SGN). வேடிக்கை என்னவென்றால், 1975 மே மாதம் தொடங்கிய அந்நகரக் கம்யூனிஸ்ட் கட்சி நாளேடு தன் பெயரில் உள்ள சைகோனை இன்றுவரை நீக்கவில்லை. 2025 ஜூலையில் பக்கத்து மாகாணங்கள் இரண்டைச் சேர்த்து நகரை விரிவாக்கியபோது, நடுநகரில் ஒரு வார்டுக்கு அரசே சைகோன் என்று பெயர் வைத்தது.

அதற்காகச் சைகோன்தான் ஆதிப் பெயர் என்று வாதாட வரவில்லை. கெமர் (கம்போடிய) மக்களுக்கு அது பிரே நோகோர். பிறகு வியட்நாமிய மன்னர்களின் ஆட்சியில் கியா தின். 1859-ல் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள்தான் சைகோனை அரசாங்கப் பெயராக்கினார்கள். ஊரின் முக்கியத் தெரு ஒன்றுக்கு அவர்கள் தங்கள் போர்க்கப்பலின் பெயரால் கத்தினா என்று பெயரிட்டார்கள். அவர்கள் போனதும் அது 'சுதந்திரம்' ஆனது. 1975-க்குப் பின் 'எழுச்சி' ஆனது. ஒரே தெரு, மூன்று ஆட்சி.

எங்கள் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் காலத்தில் அங்கே வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களில் இன்றும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். நாளேடும் அப்படியே எழுத வேண்டும் என்பதில்லை. இன்றைய செய்திக்கு ஹோ சி மின் நகரம் என்றே போடுங்கள். 1976 ஜூலைக்கு முந்தைய நிகழ்ச்சி என்றால் சைகோன் என்று எழுதுங்கள். இணையப் பதிப்பில் அந்த இரண்டு வரிகளையாவது உடனே திருத்திவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கட்டுரை எழுதுகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்கால்