மூன்று ஆண்டுக்குள் அடங்காத ஆய்வுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிவியல் ஆராய்ச்சிக்கு நம் நாடு ஒதுக்கும் பணம் போதாது என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான் ஆராய்ச்சிக்குப் போகிறது என்பது வெட்கப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த எனக்கு அதைவிட வருத்தம் தருவது வேறொன்று. வருகிற கொஞ்சப் பணத்தைப் பெறுவதற்காக நம் ஆய்வாளர்கள் தங்கள் கேள்வியையே மாற்றிக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊர் வாழப்பாடி. சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடுகள், அதாவது மரவள்ளி வயல்கள். 2020இல் கேரளத்துத் திருச்சூரில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி வெகு சீக்கிரம் சேலம், நாமக்கல் பக்கம் வந்து இறங்கியது. கொழுந்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடிகள் குட்டையாகி நின்றன. பூச்சியின் உடம்பை மெழுகு மாவு மூடியிருப்பதால் எந்த மருந்தும் சரியாகப் பிடிக்கவில்லை. கிழங்கு பெருக்காத காட்டைப் பார்த்துவிட்டு வந்து என் தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிவு ஒரு குளவியால் வந்தது. அனகைரஸ் லோபசி என்று பெயர், எறும்பைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்தார் அதை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தார்கள்.

அந்தக் குளவி ஆப்பிரிக்காவுக்குப் போன கதையைத்தான் நிதி ஒதுக்கும் குழுக்களில் இருப்பவர்கள் படிக்க வேண்டும். 1970களில் இதே மாவுப்பூச்சி அங்கே மரவள்ளியை அழித்தபோது, அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். மரவள்ளியின் தாய்நாடு அதுதானே. வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அச்சு அசல் அதே போல இருந்தது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து பார்த்தால், ஆப்பிரிக்கப் பூச்சியை அவை தொடவே இல்லை. கிடைத்தது வேறொரு இனம் என்பதை, பூச்சிகளை வகைப்படுத்துவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். அதன்பிறகு இன்னும் தெற்கே தேடி, 1981இல் பராகுவே நாட்டில் சரியான பூச்சியையும் அதன் குளவியையும் கண்டுபிடித்தார்கள். அந்த உயிரியல் கட்டுப்பாட்டுப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. மாவுப்பூச்சியின் வயிற்று மயிர்களையும் துளைகளையும் எண்ணி எண்ணிப் படம் வரைந்தவர்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. அவர்கள் உட்கார்ந்து எண்ணியபோது, ‘இதனால் என்ன பயன்?’ என்று யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் என் மாணவி ஒருத்தி தோற்றாள். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களிலும் மிச்சமிருக்கும் சோலைகளிலும் வாழும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் பஸ்ஸில் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காடு போய், அங்கிருந்து நாகலூர் பக்கம் நடப்பாள். வலையும் குறிப்பேடும் தவிரக் கையில் எதுவும் இருக்காது. திட்டத்தைப் பரிசீலித்த வல்லுநர் குழு கேட்டது ஒன்றைத்தான்: மூன்று ஆண்டு முடிவில் என்ன தொழில்நுட்பம் வரும்? திட்டம் திரும்பி வந்தது.

அடுத்த முறை, இலைச்சாற்றிலிருந்து வெள்ளி நானோ துகள் தயாரித்துக் கொசுப்புழுவின் மேல் சோதிப்பதாக எழுதினாள். பணம் வந்துவிட்டது. அப்படி மாற்றி எழுதச் சொன்னவன் நான்தான். “அப்போ குளவியை விட்டுவிட வேண்டியதுதானா ஐயா?” என்று அவள் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது. அவள் செய்த ஆய்வு நேர்மையானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே காலத்தில் எத்தனையோ கல்லூரிகளில் இலையை மட்டும் மாற்றி அதே சோதனையைச் செய்துகொண்டிருந்தார்கள். எதற்குப் பணம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மக்கள் வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம். பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதி எழுதிக் கை வலித்த நானே அதை ஏற்கிறேன். எனக்குக் கவலை தருவது இனி வரப்போவது. ஆராய்ச்சிக்கு நிதி வழங்க 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே, தொழில் நிறுவனங்கள் முதலிய இடங்களிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். பேட்டரிக்கும் மருந்துக்கும் நிறுவனங்கள் பணம் தரும். ஏற்காட்டுச் சில்வர் ஓக் மரத்தடியில் பறக்கும் பெயரில்லாக் குளவிக்கு எந்த நிறுவனம் தரும்? அதற்கு அரசுதான் தர வேண்டும். பெரிய தொகைகூடத் தேவையில்லை. ஒரு மாணவருக்கு உதவித்தொகை, பஸ் செலவு, ஒரு நல்ல நுண்ணோக்கி. ஆனால் பத்து ஆண்டுகள் அறுபடாமல் வர வேண்டும். இறுதி அறிக்கையில் “எதிர்பார்த்தது கிடைக்கவில்லை” என்று எழுதினாலும் அடுத்த தவணை நிற்கக் கூடாது.

என் மாணவி இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். மலையில் எழுதிய நான்கு குறிப்பேடுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தேதி, இடம், மழை, எந்த மரத்தில் எந்தக் குளவி என்று எல்லாம் தெளிவாக இருக்கிறது. தொடர விரும்பும் மாணவர் யாராக இருந்தாலும் அவற்றைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அவள் சம்மதம் சொல்லிவிட்டாள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
வாழப்பாடி, சேலம் மாவட்டம்.